நாலேகால்

வீட்டுக்குள் ஒலிப்பதிவு செய்வதென்றால் முதலில் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும், சார். அது ஓடும் சத்தம் நம் காதுக்குப் பழகிவிட்டது. மைக்குக்குப் பழகுவதில்லை. அணைத்ததும் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுவோம். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வரும். மூன்று நாள் படப்பிடிப்பில் அந்த வீட்டுப் பால் ஒருமுறைகூடத் திரியவில்லை.

துறைத்தலைவர் என்ற முறையில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். என்ன நடந்தது, ஏன் செய்தாய். எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். எழுதுவது எனக்கும் எளிது.

கடைசி செமஸ்டருக்குப் பத்து நிமிடப் படம். நானும் ஆதிலும் ஒரு குழு. அவன் கேமரா. இயக்கம், ஒலி, எடிட்டிங் மூன்றும் நான். ஆதிலின் சின்னம்மா ஹமீது பீவி மேலப்பாளையத்தில் தனியாக இருக்கிறார். அவன் சாச்சி என்று கூப்பிடுவான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

சாச்சியின் கணவர் இறந்து பத்து வருடம். ஒரே மகன் யாசர். சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். தினமும் நாலேகாலுக்குக் கூப்பிடுவான். அங்கே அது சாப்பாட்டு நேரம். சாச்சி அஸர் தொழுதுவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆதில் இதைச் சொன்ன அன்றே படம் என் மனதில் முடிந்துவிட்டது. ஒரு நாள் அழைப்பு வரவில்லை. தாய் காத்திருக்கிறாள். வெளிச்சம் இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. நீங்கள் படித்துவிட்டு ஓரத்தில் எழுதினீர்கள்: ‘அந்த முகம் கிடைத்தால் படம் உண்டு. கிடைக்காவிட்டால் இல்லை.’

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் நாள் முகம் கிடைக்கவில்லை.

“சாச்சி, இன்னைக்கு யாசர் அண்ணன் கூப்பிடலன்னு வச்சுக்கோங்க.”

“எப்படி வாப்பா வச்சுக்கிட? அவன்தான் கூப்புடுவாம்லா.”

“சும்மா, நடிப்புக்கு.”

உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். மூன்று விநாடி தாங்கும். பிறகு முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்துவிடுவார்.

“சாச்சி, மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வைங்க” என்றான் ஆதில்.

“நீ ப்ளஸ் டூல பெயிலானப்ப ஒன் வாப்பா முன்னால வச்சிட்டு நின்னியே, அந்த மூஞ்சியாலே?”

அன்று பதினான்கு டேக் எடுத்தோம். எல்லாவற்றிலும் அவர் நன்றாக இருந்தார். அதுதான் குறை. மகன் கூப்பிடுவான் என்று தெரிந்த ஒருவரின் முகம் அது. அதை மாற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் நாங்கள் படமெடுக்கும்போதே நாலேகாலுக்கு யாசர் கூப்பிட்டான். கேமராவை ஓடவிட்டோம். ஊருக்கு வரும் விடுப்பு தள்ளிப்போய்விட்டது என்று சொன்னான் போல. அவனுக்குப் பாளையங்கோட்டையில் பெண் பேசி வைத்திருந்தார்கள். சாச்சிக்குக் கோபம் வந்தது.

“பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்? மூணாவது தடவ இது. நீ ஊருக்கு வார அன்னைக்கு எங்கிட்டப் பேசினாப் போதும். அதுவரைக்கும் பேசாத. வையி.”

வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். “நாளைக்குப் பாருங்க, நாலேகாலுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி உம்மான்னு இளிச்சிட்டு வருவான்.”

அன்று மாலை சேரன்மகாதேவி பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு வழி தெரிந்தது. அவருக்கு நடிக்க வராது. ஆனால் உண்மையாகவே அழைப்பு வராவிட்டால் நடிக்க வேண்டியதில்லை. யாசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நாளை ஒரு நாள் மட்டும் நாலேகாலுக்குக் கூப்பிட வேண்டாம், படத்துக்காக என்று. பேருந்து பத்தமடையைத் தாண்டும்போது குரல் செய்தி வந்தது.

“ஏலே பேச்சிராஜு, உம்மா ஏற்கெனவே கொதிச்சுப்போய் இருக்கா. இதுல நான் கூப்பிடவும் இல்லன்னா என்னைய வீட்டுக்குள்ளயே விடமாட்டா. சரி, படத்துக்குத்தானே. ஆனா ஒண்ணு. எடுத்து முடிச்ச உடனே நீதான் கூப்பிட வேண்டாம்னு சொன்னேன்னு உம்மாட்டச் சொல்லிரணும். ராத்திரி வரைக்கும் அவளத் தவிக்க விட்டுராத, என்ன?”

சொல்லிவிடுகிறேன் அண்ணே என்று பதில் அனுப்பினேன்.

ஆதிலிடம் இதைச் சொல்லவில்லை. அவன் சாச்சியின் முகத்தைப் பார்த்து உளறிவிடுவான். ஒரு படத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆதில் இதில் எதற்கும் பொறுப்பில்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள். போன் பக்கத்தில் இருந்தால் மைக்கில் கிரகிரவென்று ஒரு சத்தம் விழும். அது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லித்தான் சாச்சியிடம் போனை வாங்கினேன். பொய் இல்லை. பின்கட்டில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. நான் அங்கே போனோடு இருப்பேன், மணி அடித்தால் கொண்டுவந்து கொடுப்பேன், அவர் பேசுவதையும் படமெடுப்போம் என்று ஏற்பாடு.

“மணி அடிச்சா ஓடி வந்துரணும் என்ன? அவன் ரொம்ப நேரம் அடிக்க விடமாட்டான். வேலைக்குப் போணும்லா.”

“வந்துருதேன் சாச்சி.”

சட்டைக் காலரில் மாட்டும் கம்பியில்லாச் சின்ன மைக்கை அவர் முக்காட்டுக்குள் வைத்தேன். ரிக்கார்டர் என் தோளில். அவர் இருந்த நாற்காலிக்கும் கல்லுக்கும் பதினோரு எட்டு தூரம். பார்க்க முடியாது. ஹெட்ஃபோனில் மூச்சு வரை கேட்கும்.

நாலேகால் ஆனது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது மூச்சில் தெரிந்தது. நாலு இருபதுக்கு மூச்சு சீரானது. நாலு இருபத்தைந்துக்கு நாற்காலி கிரீச்சிட்டது. அவர் திரும்புகிறார் என்று புரிந்தது. பிறகு மெதுவாக, தனக்குள், “பேசாதன்னா பேசாமயே இருந்துருவியாலே?” என்றார்.

நான் எழுதாத வசனம் அது. படத்தில் உள்ள ஒரே வசனமும் அதுதான்.

வைவா தேர்வில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அந்தக் காட்சியில் அவர் ஜன்னலைப் பார்க்காமல் உள்ளே, பின்வாசலைப் பார்க்கிறாரே, எதைப் பார்க்கிறார் என்று. இல்லாத மகனை என்று சொன்னேன். மற்ற ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். அவர் பார்த்தது என்னை. நான் போனோடு வர வேண்டிய வாசல் அது.

நாலு நாற்பத்தொன்றுக்குப் போன் அதிர்ந்தது. மணிச் சத்தத்தை நான் முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். திரையில் யாசர் பெயர். பொறுக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டான் என்று நினைத்தேன். துண்டித்தேன். உடனே மறுபடியும் வந்தது. உள்ளே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தோடு எடுத்தேன்.

பேசியது யாசர் இல்லை.

“யாசர் வீடுதானே? நான் நூர்முகம்மது, அவன்கூட ஒரே ரூம்ல தங்கியிருக்கேன். யாசர் மூணாவது மாடியில ஏசி மாட்டிட்டு இருந்தவன் கீழ வுளுந்துட்டான். ஆம்புலன்ஸ்ல போய்ட்டு இருக்கோம். உம்மாட்டப் பேசணுங்கான். குடுங்க.”

சாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்திருப்பார். குரல் வெளியே சிதறியது. எழுந்து சுவர் ஓரமாகப் போனேன்.

“அவங்க பக்கத்துல இல்ல” என்றேன்.

“கூப்பிடுங்க தம்பி. சீக்கிரம் கூப்பிடுங்க.”

பிறகு அங்கே ஏதோ உரசியது. யாசரின் குரல் வந்தது. மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

“யாரு, பேச்சிராஜா?”

“ஆமண்ணே.”

“உம்மா கோவமா இருக்காளா?”

“இல்லண்ணே.”

“சொல்லிட்டியா, நீதான் கூப்பிட வேண்டாம்னன்னு?”

என் வலது காதில் போன் இருந்தது. இடது காதில் ஹெட்ஃபோன். வலது காதில் மகன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இடது காதில் தாய்.

“குடு” என்றான். “ஒரு வார்த்த பேசிருதேன்.”

அந்த நேரத்தில்தான் இடது காதில் சாச்சி பேசினார். மைக் வழியாக நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். “பேச்சிராஜு, மணி இன்னும் அடிக்கலையா வாப்பா?”

“பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்கண்ணே” என்று போனில் சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி பேசியிருந்தோம்.

ஏன் என்பதற்கு இந்த இடத்தில் பதில் எழுத வேண்டும். அவன் குரல் தெளிவாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான், என்னைக் கேள்வி கேட்டான். சாகப் போகிறவன் அப்படிப் பேசமாட்டான் என்று நினைத்தேன். எனக்கு இருபது வயது. நான் யாரும் சாவதைப் பார்த்ததில்லை. இன்னொன்று, கேமரா ஓடும்போது சட்டகத்துக்குள் யாரும் போகக் கூடாது. அது எங்களுக்கு முதல் வருடத்திலேயே பழக்கப்பட்ட ஒழுங்கு.

சொன்னபடி பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள். நாலு ஐம்பத்து மூன்று. போன் கையில் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. நாலு ஐம்பத்தைந்து. நாலு ஐம்பத்தெட்டு. அதன் பிறகு அதிரவில்லை.

ஐந்து பத்துக்கு ஆதில் கட் சொன்னான். போனில் இருந்த அழைப்புப் பதிவுகள் ஐந்தையும் அழித்துவிட்டு உள்ளே போனேன். சாச்சி கை நீட்டினார்.

“கூப்பிடலையா?”

“இல்ல சாச்சி.”

“ரோசக்காரன். வாப்பா மாதிரியே.” போனை முக்காட்டால் துடைத்தார். “சரி, ராத்திரி கூப்புடுவான். நீங்க டீ குடிச்சிட்டுத்தான் போணும்.”

டீ குடித்தோம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆதிலின் வாப்பாவுக்குக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. நான் அப்போது பேருந்தில் இருந்தேன். யாசர் இறந்த நேரம் நம் கணக்கில் ஐந்து ஐந்து என்று பிறகு தெரிந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். சாச்சி முகம் பார்க்கவில்லை.

துக்கத்தின் மூன்று நாளும் அந்த வீட்டில் இருந்தேன். வெளியே நாற்காலி போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உள்ளேயிருந்து சாச்சியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகை அதிகம் இல்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னார்.

“பேசாதன்னேன். பேசாமயே போய்ட்டான்.”

நாற்பது நாள் கழித்தும் அதையே சொன்னார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், பிள்ளை அதையெல்லாம் மனதில் வைத்திருக்கமாட்டான் என்பார்கள். “வச்சிருந்தான்” என்பார். “எட்டு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. அன்னைக்குத்தான் கூப்பிடல. காலையில விழுந்திருந்தா முடியலன்னு நெனப்பேன். அவன் விழுந்தது நாலரைக்கு மேலயாம். நாலேகாலுக்கு நல்லாத்தான இருந்திருக்கான்?”

அவர் கணக்கு சரியானது. ஒரு வாக்கியத்தில் அதை நான் திருத்தியிருக்கலாம். திருத்தினால் துக்கம் இரண்டாகும் என்று நினைத்தேன். மகன் கோபித்துக்கொண்டு போனான் என்பது ஒரு துக்கம். மகன் கூப்பிட்டும் பேச முடியாமல் போனது அதைவிடப் பெரியது. இரண்டில் சிறியதை அவருக்கு விட்டுவைத்தேன். அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது.

எடிட்டிங்குக்குப் பதினைந்து நாள் ஆனது. ஆதில் வரவில்லை. அவனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் தனியாகச் செய்தேன். இசை சேர்க்கவில்லை. அவர் மூச்சே போதுமாக இருந்தது. ‘நாலேகால்’ என்று பெயர் வைத்தேன். நீங்கள் முதல் மதிப்பெண் கொடுத்தீர்கள். மாணவர் படவிழாவில் முதல் பரிசு கிடைத்தது. நடிப்பே இல்லாத நடிப்பு என்று நடுவர் ஒருவர் மேடையில் சொன்னார்.

கல்லூரி அரங்கில் திரையிட்டபோது சாச்சி வந்திருந்தார். முடிந்ததும் எழவில்லை. பயந்துபோய் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா எடுத்திருக்க வாப்பா. இதுல நான் உக்காந்திருக்கும்போது அவன் உசுரோட இருக்காம்லா?”

“ஆமா சாச்சி.”

“எனக்கு இது போன்ல வேணும்.”

ஏற்றிக் கொடுத்தேன். தினமும் அஸர் தொழுதுவிட்டு அதைப் பார்க்கிறார் என்று ஆதில் சொன்னான். கொஞ்ச நேரம் காத்திருப்பாராம். பிறகு போடுவாராம்.

அக்டோபரில் நூர்முகம்மது விடுப்பில் வந்தார். யாசரின் பெட்டியைக் கொடுக்க மேலப்பாளையம் வந்தார். ஆதில் என்னையும் கூப்பிட்டிருந்தான். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் தவறாகத் தெரியும் என்று போனேன்.

பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சாச்சி அதே வாக்கியத்தைச் சொன்னார். பேசாதன்னேன், பேசாமயே போய்ட்டான். நூர்முகம்மது நிமிர்ந்தார்.

“என்ன சொல்லுதீங்க மாமி? அவன் கூப்பிட்டாம்லா. அஞ்சு தடவ கூப்பிட்டோம். ஒரு தம்பி எடுத்தாரு. ஒங்களுக்குத் தெரியுமுன்னுலா இவ்வளவு நாளா நெனச்சிட்டு இருக்கேன். நீங்க தாங்க மாட்டீங்கன்னு அந்தத் தம்பி போனக் குடுக்காம விட்டாருன்னு நெனச்சேன்.”

சாச்சி என்னைப் பார்த்தார். ஆதிலும் பார்த்தான்.

“எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே” என்றேன். “டவர் மாறி வேற யாருக்காவது போயிருக்கும்.”

நூர்முகம்மது என் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “இந்தக் கொரலுதான். நீங்க பேச்சிராஜா? யாசர் அந்தப் பேரத்தான் சொன்னான்.”

“இருங்க தம்பி” என்றார் சாச்சி. குரல் உயரவில்லை. “அன்னைக்கு நீங்க என்ன பதட்டத்துல இருந்தீங்களோ. இந்தப் புள்ளையச் சொல்லாதீங்க. மணி அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பான். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போன வாங்கிட்டுப் போனான்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “நீ மனசுல வச்சுக்காத வாப்பா” என்றார்.

வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மறுநாள் ஆதில் அன்றைய ஒலிக் கோப்புகளைக் கேட்டான். கார்டை அழித்துவிட்டேன் என்றேன். அவன் நேராக உங்களிடம் வந்தான்.

அழிக்கவில்லை, சார். இந்தக் கடிதத்தோடு உள்ள பென்டிரைவில் இருக்கிறது. சாச்சியின் மைக் ஒரு தடத்தில். ரிக்கார்டரில் உள்ள மைக் இன்னொரு தடத்தில். என் தோளில் இருந்ததால் அதில் நான் பேசியதும் யாசர் பேசியதும் விழுந்திருக்கின்றன. நேற்று சரிபார்த்தேன். தெளிவாகவே கேட்கிறது.

சாச்சிக்கு நீங்கள் அதைப் போட்டுக் காட்டலாம். அவன் கூப்பிட்டான் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் போய்ச் சொன்னால் நம்பமாட்டார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார். படத்துக்காக என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் போனைக் கொடுத்திருந்தால் படமே இருந்திருக்காது என்று சொல்லுங்கள். அவருக்கு அந்தப் படம் பிடிக்கும். என்னை மன்னித்தாலும் மன்னிப்பார்.

உங்களிடம் மட்டும் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆதிலைக் கேட்டால் அவனும் சொல்வான், ஆனால் அதன் அர்த்தம் அவனுக்கு இன்னும் தெரியாது.

அந்த மூன்றாம் நாள் நாலு முப்பத்து மூன்றுக்கு நான் உள்ளே போய்க் கட் சொன்னேன். சாச்சி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆதில் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, “போதும்லே, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றான். எடுத்ததை இருவரும் பார்த்தோம். எல்லாம் இருந்தது. யாசரிடம் ஒத்துக்கொண்டபடி அப்போதே சாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நல்ல டேக் கிடைத்த பிறகும் பாதுகாப்புக்கு ஒன்று எடுத்து வைப்பது வழக்கம். “இன்னும் ஒருவாட்டி, சாச்சி” என்றேன். அவர் மறுபடியும் உட்கார்ந்தார். நான் போனோடு பின்கட்டுக்குப் போனேன்.

யாசர் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

அந்த இரண்டாவது டேக்கை எடிட்டிங்கில் நான் திறக்கவே இல்லை. தேவைப்படவில்லை.